சிக்கேமிலும் சேதுச் சீமையிலும்



இந்த வாரப் பாடத்துக்கு அரசர் முதல் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் பாட்டி காலத்து வேதபுத்தகம் இருந்தால், அதில் இதே பகுதி மூன்றாம் அரசர் ஆகமம் என்றிருக்கும். குழம்ப வேண்டாம். சாமுவேல் ஆகமங்கள் இரண்டையும் முன்னே சேர்த்து எண்ணிய பழைய வழக்கம் அது. பெயர்களும் மாறியிருக்கின்றன. புதிய பதிப்பு ரெகபெயாம், எரொபவாம் என்று சொல்லுகிறவர்களை நான் பழைய வழக்கப்படி ரொபோவாம், ஜெரொபோவாம் என்றே எழுதுகிறேன். முதலில் அதிகாரத்தை ஒரு தரம் வாய்விட்டு வாசித்துவிடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்.

கி.மு. 930 அளவில் சாலொமோன் ராஜா மரித்தார். அவர் குமாரன் ரொபோவாமுக்கு அப்போது வயது 41. தகப்பனுக்குப்பின் பிள்ளை சிம்மாசனம் ஏறுவது யூதா கோத்திரத்தாருக்கு இயல்பாயிருந்தது. வடக்கே இருந்த கோத்திரத்தார் விஷயம் அப்படியல்ல. அவர்கள் தாவீதை ராஜாவாக ஏற்றுக்கொண்டதே எபிரோனில் செய்த ஓர் உடன்படிக்கையின்பேரில்தான் (இரண்டாம் சாமுவேல், ஐந்தாம் அதிகாரம்). ஆகையால் புது ராஜாவை அவர்கள் ஜெருசலேமில் போய்க் காணவில்லை. தங்கள் ஊராகிய சிக்கேமில் கூடிக்கொண்டு, அவரை அங்கே வரச் செய்தார்கள். ராஜாவும் போனார். அப்படிப் போனதே ஓர் ஒப்புதல். பேரம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தேயிருக்கும்.

அவர்கள் கேட்டது என்ன? ராஜ்யத்தைப் பிரித்துத் தரச் சொன்னார்களா? தாவீதின் வீடு வேண்டாம் என்றார்களா? இல்லை. உம்முடைய தகப்பனார் எங்கள் கழுத்தில் வைத்த நுகம் பாரமாயிருக்கிறது, அதைக் கொஞ்சம் இலேசாக்கும், நாங்கள் உமக்கு ஊழியம் செய்கிறோம் என்றார்கள். நுகத்தைக் கழற்றிப்போடச் சொல்லவில்லை, பாரத்தைக் குறைக்கத்தான் கேட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது வயலுக்கெல்லாம் டிராக்டர் வந்துவிட்டாலும், மாடு பூட்டி உழுத பெரியவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். நுகத்தடி சரியாகச் செதுக்கப்படாவிட்டால் மாட்டின் கழுத்து என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள். புண்பட்ட கழுத்தோடு நிற்கும் மாட்டை அடித்தால் அது நடக்காது, படுத்துக்கொள்ளும்.

சாலொமோனின் நுகம் உண்மையிலேயே அவ்வளவு பாரமா? ஞானத்துக்கும் செல்வத்துக்கும் பேர்போன ராஜா என்றுதானே சிறு வயது முதல் படித்திருக்கிறோம். அதே ஆகமத்தின் முன் அதிகாரங்களில் கணக்கு கிடக்கிறது. நாலாம் அதிகாரத்தின்படி அரண்மனைப் பந்திக்கு ஒரு நாளைக்குக் கொழுத்த மாடுகள் 10, மேய்ச்சல் மாடுகள் 20, ஆடுகள் 100. இவையல்லாமல் மான்களும் கோழிகளும், மாவு வகைகளும். இதற்காகத் தேசத்தை 12 பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதியும் வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சோறு போட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த 12 பகுதிகளின் பட்டியலை வாசித்தால் யூதாவின் பெயர் தெளிவாகக் காணப்படவில்லை. ராஜாவின் சொந்தக் கோத்திரத்துக்குச் சலுகை இருந்ததென்று வேத அறிஞர் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையானால், சிக்கேமில் கூடினவர்களின் மனக்கசப்பு பாதி விளங்கிவிடும்.

ஐந்தாம் அதிகாரத்தில் ஆள் கணக்கு. இஸ்ராயேலரில் 30,000 பேரைப் பிடித்து, மாதத்துக்கு 10,000 பேராக லீபான் மலைக்குக் கேதுரு மரம் வெட்ட அனுப்பினார்கள். ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்குகிறவர்கள் 70,000, கல் வெட்டுகிறவர்கள் 80,000. கடைசி இரண்டு கூட்டத்தாரும் தேசத்தில் குடியிருந்த அந்நியர் என்று நாளாகமம் சொல்லுகிறது. இஸ்ராயேலரை ராஜா அடிமையாக்கவில்லை என்று அரசர் ஆகமமே ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதுகிறது. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். ஆனால் கம்பத்திலோ சின்னமனூரிலோ முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்து, நாற்று பிடுங்கும் நேரத்தில் மூத்த மகனை ஒரு மாதம் மலைக்குக் கொண்டுபோய்விட்டால், அவனை அடிமை என்று அழைக்கவில்லை என்பது அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆறுதல்? இத்தனை உழைப்பில் ஆண்டவரின் ஆலயம் 7 வருஷத்தில் முடிந்தது. ராஜாவின் அரண்மனைக்கு 13 வருஷம் பிடித்தது. வேத ஆசிரியர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். போதாததற்கு, தீர் பட்டணத்து ஈராம் ராஜாவுக்குக் கலிலேயாவில் 20 ஊர்களைத் தூக்கிக் கொடுத்தார். ஈராம் வந்து பார்த்துவிட்டு, இதென்ன ஊர்கள் என்று முகம் சுளித்தானாம். அந்த ஊர்களில் இருந்த ஜனங்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி ரொபோவாமிடம் வருவோம். மூன்று நாள் தவணை கேட்டார். அது நல்ல ஆரம்பம். தகப்பனுடைய மந்திரிகளாயிருந்த முதியோரைக் கேட்டார். இன்று நீர் இந்த ஜனங்களுக்கு ஊழியராக இருந்து, நல்ல வார்த்தை சொன்னால், அவர்கள் என்றைக்கும் உமக்கு ஊழியராக இருப்பார்கள் என்ற கருத்தில் அவர்கள் சொன்னார்கள். பிறகு தம்மோடு வளர்ந்த வாலிபரைக் கேட்டார். ராஜாவுக்கே 41 வயது என்றால் அவரோடு வளர்ந்தவர்கள் எப்படி வாலிபராவார்கள் என்று கேட்பீர்கள். மூலமொழியில் உள்ள சொல் பிள்ளைகள் என்றே பொருள்படும். வேத ஆசிரியர் இங்கே வயதைச் சொல்லவில்லை, இலேசாகக் கேலி செய்கிறார் என்பது என் எண்ணம். அரண்மனையில் பிறந்து, அரண்மனைப் பந்தியில் தின்று வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு 100 ஆடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தகப்பன் சாட்டையால் அடித்தார் என்றால் நீர் தேள்களால் அடிப்பேன் என்று சொல்லும் என்றார்கள். தேள் என்றது இரும்பு முள் வைத்த ஒருவகைச் சவுக்கு என்று சில விளக்கவுரைகள் சொல்லும். எப்படியானாலும் கேட்டவர்களுக்கு அர்த்தம் புரிந்தது.

மூன்றாம் நாள் ராஜா அந்தப் பதிலையே சொன்னார். பத்துக் கோத்திரத்தாரும் அவரவர் கூடாரத்துக்குத் திரும்பினார்கள். அப்போது அவர் செய்த காரியம் பதிலைவிட விசித்திரம். ஜனங்களைச் சமாதானப்படுத்த அனுப்பியது யாரை? அதோராம் என்பவனை, அதாவது வெட்டி வேலைக்கு ஆள் பிடித்த தலைமைக் கங்காணியை! கங்காணி என்றால் என்ன என்று இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்கள் அவனைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். ராஜா அவசரமாய் ரதமேறி ஜெருசலேமுக்கு ஓடினார். அந்தக் கல்லெறி நியாயமென்று வேதாகமம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் அது எங்கிருந்து புறப்பட்டது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இதெல்லாம் பூர்வ காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். தேனியிலிருந்து மதுரைக்குப் போகிற பாதையில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் உசிலம்பட்டி. அந்தப் பக்கத்துக் கிராமம் பெருங்காமநல்லூர். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கில அரசாங்கம் பிரமலைக் கள்ளர் ஊர்கள்மேல் சுமத்தியது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றி ஆண்கள் கைரேகை கொடுத்துப் பேர் பதிய வேண்டும். பதிந்தவர்கள் இராத்திரியில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். உழைத்துப் பிழைக்கிற எங்களுக்கு இது வேண்டாம் என்று ஊரார் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது. நம் பள்ளத்தாக்கிலும் அந்தக் கைரேகையின் நினைவு இன்னும் மாறாத வீடுகள் உண்டு. பாரத்தைக் குறைக்கக் கேட்டவனுக்குத் தேள் பதிலாகக் கிடைக்கிற கதை, நமக்கு ஒரு பஸ் பயணத் தூரத்தில் நடந்திருக்கிறது.

இப்போது ஒரு கடினமான வசனம். ராஜா ஜனங்களின் பேச்சைக் கேட்காமற்போனது ஆண்டவரால் வந்த காரியம் என்று பதினைந்தாம் வசனம் சொல்லுகிறது. அப்படியானால் ரொபோவாம்மேல் என்ன குற்றம் என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். சர்வேசுரன் பாவத்தைச் செய்விக்கிறவர் அல்ல. மனிதன் தன் சுயாதீனத்தால் செய்கிறதை அவர் அனுமதிக்கிறார். அனுமதித்து, அதன் வழியாகவும் தம் நியாயத்தை நடத்துகிறார். சாலொமோன் உயிரோடிருக்கும்போதே அகியாஸ் தீர்க்கதரிசி தம் புதுப் போர்வையை 12 துண்டாகக் கிழித்துப் பத்தை ஜெரொபோவாமிடம் கொடுத்துவிட்டார். சாலொமோனுக்குச் சொல்லப்பட்ட குற்றம் அந்நிய தேவர்களை வணங்கியது. ஜனங்கள் சொன்ன குற்றம் நுகம். இவை இரண்டும் வெவ்வேறு குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. உபாகமம் பதினேழாம் அதிகாரத்தில் ராஜாவுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. குதிரைகளையும் மனைவிகளையும் பொன்னையும் பெருக்கிக்கொள்ளக் கூடாது, தன் சகோதரருக்குமேல் நெஞ்சை உயர்த்தக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தச் சட்டத்தை மறந்தவன் ஆண்டவரையும் மறந்தான், சகோதரனையும் மறந்தான்.

அடுத்து வரும் நாலு வசனங்களைப் பலர் வாசிப்பதே இல்லை. ஜெருசலேமுக்கு ஓடிவந்த ரொபோவாம், பிரிந்தவர்களை மடக்கிப் பிடிக்க 1,80,000 வீரரைத் திரட்டினார். அப்போது செமேயியாஸ் என்ற தேவமனிதர் வந்து, அவர்கள் உங்கள் சகோதரர், சண்டைக்குப் போகாதீர்கள் என்று ஆண்டவர் பெயரால் தடுத்தார். அவர்களும் கேட்டார்கள். அத்தனை பேரும் ஆயுதத்தோடு வீடு திரும்பினார்கள்! முதியோர் பேச்சைத் தட்டின அதே ராஜா இந்தப் பேச்சைத் தட்டவில்லை. பிற்காலத்தில் இரண்டு ராஜ்யத்துக்கும் சண்டை ஓயவில்லை என்று பதினாலாம் அதிகாரம் சொல்வது உண்மைதான். ஆனாலும் அன்றைக்குச் சாகவிருந்த எத்தனை ஆயிரம் பேர் அன்று சாகவில்லை!

பாகப்பிரிவினை நடக்கிற வீடுகளை நினைத்து இதைச் சொல்லுகிறேன். அண்ணன் தம்பி பிரிவது பாவமல்ல. பிரிந்தபின் பொதுக் கிணற்றுக்கும் முறைத் தண்ணீருக்கும் வரப்புக்கும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடப்பதும், ஒருவன் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவன் போகாமலிருப்பதும் வேறு சங்கதி. செமேயியாஸ் ராஜ்யத்தை ஒட்டவைக்க வரவில்லை. பிரிந்தது பிரிந்ததாகவே இருக்கட்டும், வெட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்.

வடக்கே என்ன நடந்தது? ஜெரொபோவாம் ஒரு விதவையின் மகன், திறமைசாலி. சாலொமோனிடத்தில் தானே கங்காணியாக இருந்தவன். ராஜா கொல்லத் தேடியபோது எகிப்துக்கு ஓடி, மரணச் செய்தி கேட்டுத் திரும்பினான். ஜனங்களின் கஷ்டம் தெரிந்தவன் ராஜாவானால் கஷ்டம் தீரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவனுக்கோ வேறு பயம் பிடித்தது. ஜனங்கள் திருநாளுக்கு ஜெருசலேம் போனால் மனசு பழைய ராஜாவிடம் போய்விடுமே! ஆகவே தெற்கெல்லையில் பெத்தேலிலும், வடகோடியில் தானிலும் பொன் கன்றுக்குட்டிகளை வைத்தான். லேவியர் அல்லாதவர்களைக் குருக்களாக்கினான். எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் என்று ஒரு திருநாளையும் தன் மனசிலிருந்தே ஏற்படுத்தினான். வரியிலிருந்து விடுதலை கேட்டுப் போன ஜனங்கள் தங்கள் ஆலயத்தை இழந்தார்கள். நாற்காலியைக் காப்பாற்ற வழிபாட்டையே ஒருவன் கையில் எடுக்கிறான் என்றால், அது தேளைவிடக் கொடிய அடி என்றே நான் கருதுகிறேன்.

சீக்கிரத்திலேயே வெளியான் வந்தான். ரொபோவாமின் ஐந்தாம் வருஷத்தில் எகிப்து ராஜா சேசாக் ஜெருசலேமுக்கு வந்து, சாலொமோன் செய்துவைத்த பொன் கேடயங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். கார்னாக் கோயில் சுவரில் அவன் பிடித்த ஊர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் வடதேசத்து ஊர்களும் உண்டு. ஜெரொபோவாமுக்கு அடைக்கலம் கொடுத்தவன் இதே சேசாக்தான். ரொபோவாம் பொன்னுக்குப் பதிலாக வெண்கலக் கேடயம் செய்து, தாம் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அதைத் தூக்கிவரச் செய்தார்.

நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் இதற்கு நிகரான ஒரு பிரிவினை உண்டு. அது நடந்த மண்ணோடு நமக்கும் சம்பந்தம் இருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமையைச் சொல்லுகிறேன்.

கிழவன் சேதுபதி பெரிய அரசர். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார், கோட்டை கட்டினார், மதுரை நாயக்கரின் மேலாட்சியை உதறினார். நமக்கோ அவர் அர்ச். அருளானந்தரைக் கொல்வித்தவர். தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அந்தக் கோபத்தில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தார். ஒரே மனிதரைப்பற்றிய இந்த இரண்டு கணக்கும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது சரித்திரமாகாது. சாலொமோனைப்பற்றி நாம் மேலே பார்த்ததும் அப்படித்தான்.

1710-இல் கிழவன் சேதுபதி மரித்தார். அவருக்கு பவானி சங்கரர் என்று ஒரு மகன் உண்டு. ஆனால் தாயாரின் நிலையைக் காட்டி அவரை விலக்கி, விஜயரகுநாதருக்குப் பட்டம் கட்டினார்கள். விஜயரகுநாதர் காலத்துக்குப்பின் வாரிசுச் சண்டை மூண்டது. பவானி சங்கரர் தஞ்சை மராட்டிய மன்னரின் துணையோடு சிம்மாசனம் ஏறினார். ஏறியபின் பாளையக்காரர்களை அணைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நாலுகோட்டை சசிவர்ணத் தேவர் விஜயரகுநாதரின் மருமகன். அவருடைய பாளையத்தைப் பறித்துத் துரத்தினார். பாளையத்தை இழந்த சசிவர்ணரும், பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய கட்டையத் தேவரும் போன இடம் எது? அதே தஞ்சாவூர். பவானி சங்கரரை ஏற்றி வைத்த கையே இவர்களுக்கும் சேனை கொடுத்தது. ஜெரொபோவாமுக்குச் சோறு போட்ட எகிப்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1730 அளவில் ஓரியூரில் நடந்த போரில் பவானி சங்கரர் தோற்றார். அருளானந்தரின் இரத்தம் விழுந்து 37 வருஷத்துக்குப்பின், அதே ஊர்ப் புறத்தில் ஒரு சீமையின் விதி முடிவாயிற்று. தஞ்சாவூர் தன் கூலியாகப் பாம்பாற்றுக்கு வடக்கேயுள்ள நிலத்தை எடுத்துக்கொண்டது. மீதியை ஐந்தாகப் பங்கிட்டார்கள். மூன்று பங்கு கட்டையத் தேவருக்கு, அது ராமநாதபுரம். இரண்டு பங்கு சசிவர்ணருக்கு, அதுதான் சிவகங்கைச் சீமை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். சிக்கேமில் பிரிவினை கேட்டது நுகம் சுமந்த ஜனம். சேதுச் சீமையில் பங்கு பிரித்துக்கொண்டது சுற்றத்தார். அங்கே குடியானவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகையால் கட்டையத் தேவரையும் சசிவர்ணரையும் அப்படியே ஜெரொபோவாமோடு சேர்த்துவிடக் கூடாது. ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. பட்டத்துக்கு வந்தவர் தம் சொந்த மனிதரிடத்தில் கடுமை காட்டினார். அவர்கள் அந்நியனிடம் போனார்கள். அந்நியன் கூலி வாங்கினான்.

அந்தக் கூலி அதோடு நிற்கவில்லை. 1772 ஜூன் மாதத்தில் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கும்பினிச் சேனை புறப்பட்டது. முதலில் ராமநாதபுரம் கோட்டை விழுந்தது. அதே மாதம் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதர் சுடப்பட்டு இறந்தார். பிரிந்து 42 வருஷம்தான். பிடிக்க வந்தவனுக்கு இரண்டு பாதியும் ஒரே மாதத்து வேலையாக இருந்தது. முத்துவடுகநாதரின் மனைவி வேலு நாச்சியார் ராமநாதபுரத்து அரண்மனைப் பெண். கலியாணத்தால் இரண்டு வீடும் மறுபடி உறவாகியிருந்தது, படை மட்டும் ஒன்றாகவில்லை. அவர் நம் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். 1795-இல் ராமநாதபுரத்துச் சேதுபதியைக் கும்பினியார் பதவி நீக்கினார்கள். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

இஸ்ராயேலின் இரண்டு பாதிகளும் அப்படி ஒரே மாதத்தில் விழவில்லை. வடராஜ்யம் சுமார் 200 வருஷம் நின்றது. அதற்குள் 19 ராஜாக்கள். ஒரு வீடு நிலைக்கவில்லை. ராஜாவைக் கொன்று ராஜாவானவர்கள் பலர். கி.மு. 722 அளவில் அசீரியர் சமாரியாவைப் பிடித்து, ஜனங்களை நாடு கடத்தி, வேறு தேசத்தாரைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். யூதாவில் தாவீதின் வீடு நிலைத்தது. கி.மு. 587 அளவில் பாபிலோனியர் வந்து, சாலொமோன் 7 வருஷம் கட்டிய ஆலயத்தைச் சுட்டெரித்தார்கள். வடக்கே மிஞ்சியவர்களும் குடியேறினவர்களும் கலந்த ஜனத்தைச் சமாரியர் என்று யூதர் ஒதுக்கினார்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் குடிக்காத அளவுக்கு அந்தப் பகை வளர்ந்தது.

சிக்கேம் இன்றைக்கு நாப்ளுஸ் என்ற பட்டணத்தின் ஓரத்தில் மண்மேடாக இருக்கிறது. அதற்கு மிகச் சமீபத்தில் யாக்கோபின் கிணறு. இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அரசர் முதல் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை ஒரு நாளும், அருளப்பர் சுவிசேஷம் நாலாம் அதிகாரத்தை மறுநாளும் வாசியுங்கள். நடந்து களைத்து உச்சிவேளையில் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்த சேசுநாதர், தாவீதின் குமாரன் எனப்பட்டவர், வடக்கத்திப் பெண் ஒருத்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். எந்த ஊருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வரும் ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் நானும் கேட்பேன். அடுத்த வாரப் பாடம் ஆக்காப் ராஜாவும் நாபோத்தின் திராட்சத் தோட்டமும். கொடிப் பந்தல் வைத்திருக்கிற கம்பத்துக்காரர்கள் அதற்கு முன்கூட்டியே இருபத்தொன்றாம் அதிகாரத்தை வாசித்து வரலாம்.